விரலில் மாட்டும் கருவி சொல்வது என்ன?

ஆஸ்பத்திரியில் விரல் நுனியில் கிளிப் போல ஒன்றை மாட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதுதான் பல்ஸ் ஒக்சிமீட்டர். 1974இல் இந்த வழியைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியியலாளர் டாக்குவோ அயோயாகி. ஊசி குத்தாமலே, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்தி, இரத்தத்தில் ஒட்சிசன் எவ்வளவு என்று கணக்கிடும். 95க்கு மேல் இருந்தால் பொதுவாக நல்லது.

ஆனால் விரல் குளிர்ந்திருந்தாலோ, நகத்தில் பூச்சு இருந்தாலோ கணக்குப் பிழைக்கலாம். கறுத்த தோலில், ஒட்சிசன் குறைந்திருந்தும் நல்ல கணக்கே காட்டிவிடுவது உண்டு. 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இதை எடுத்துக்காட்டியது.

ஆகவே கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள், நகப்பூச்சை அழித்துவிடுங்கள். பிள்ளைக்கு மூச்சு வாங்குதா, நாக்கு நீலமாகத் தெரியுதா? "நம்பர் நல்லாத்தானே இருக்கு" என்று லயத்துக்குத் திரும்பிவிடாதீர்கள். டொக்டரிடம் சொல்லுங்கள்.