ஸ்கேன் அங்கே, ரிப்போர்ட் இங்கே: டெலிரேடியாலஜியில் வேலை பிடிப்பது எப்படி?

சென்னை மேனாம்பேட்டில் இருந்துகொண்டு வேலை தேடுகிறீர்களா? ரேடியாலஜி இமேஜிங் டெக்னாலஜி படித்திருந்தால், அம்பத்தூர், ஆவடி ஸ்கேன் சென்டர்களோடு நிறுத்திவிடாதீர்கள். டெலிரேடியாலஜி கம்பெனிகளுக்கும் ரெஸ்யூமே அனுப்புங்கள்.

தூரத்து ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனை இங்கிருந்து பார்த்து ரிப்போர்ட் கொடுக்கும் தொழில் இது. டாக்டர் அர்ஜுன் கல்யாண்பூரும் டாக்டர் சுனிதா மகேஸ்வரியும் 2002-ல் பெங்களூரில் தொடங்கிய டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ் இந்தியாவின் முன்னோடிகளில் ஒன்று. அமெரிக்காவில் இரவு என்றால் நமக்குப் பகல். அதை வைத்தே தொழில் வளர்ந்தது. இன்று ரேடியாலஜிஸ்ட் இல்லாத நம் ஊர் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படங்கள் வருகின்றன. படத்தைப் படிப்பது டாக்டர். அவர் முன் கேஸைச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தும் ஒர்க்லிஸ்ட் கோ-ஆர்டினேட்டர் வேலைதான் உங்களுக்கான வாசல்.

1. டைகாம் (ஸ்கேன் படங்களின் பொது ஃபார்மட்), பேக்ஸ் (அவற்றைச் சேமித்துப் பகிரும் சிஸ்டம்) இரண்டும் கைப்பழக்கமாக வேண்டும். இலவச டைகாம் வியூவர் ஒன்றை லேப்டாப்பில் போட்டு, ஒரே தலை சி.டி.யை பிரெய்ன் விண்டோவிலும் போன் விண்டோவிலும் மாற்றிப் பாருங்கள். முதலாவதில் ரத்தக்கசிவு தெரியும். மெல்லிய எலும்பு முறிவு இரண்டாவதில்தான் பிடிபடும். இன்டர்வியூவில் இதைச் செய்துகாட்டுகிறவருக்கு மவுசு தனி.

2. போட்டியில் ஜெயிக்கும் இடம் ஹிஸ்டரி. கேஸோடு ‘ஆர்.டி.ஏ’ (சாலை விபத்து) என்ற மூன்றெழுத்து மட்டும் வந்திருக்கும். அப்படியே டாக்டருக்குத் தள்ளாதீர்கள். அங்குள்ள டெக்னீஷியனுக்குப் போன் போடுங்கள். அடி எந்தப் பக்கம்? வாந்தி உண்டா, நினைவு தப்பியதா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவரா? பழைய ஸ்கேன் இருக்கிறதா? அங்கே எடுத்த இமேஜ் எல்லாம் இங்கே வந்துவிட்டதா என்றும் எண்ணிப் பாருங்கள். நல்ல ரேடியாலஜிஸ்ட் ஒரே வாரத்தில் உங்கள் பெயரைக் கேட்டு வாங்குவார். இன்க்ரிமென்ட் பேசும்போது அதுதான் உங்கள் பலம்.

3. அவசர ரிசல்ட்டை அப்லோடு செய்ததோடு வேலை முடியாது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் மூளையில் கசிவு இல்லை என்று சி.டி. சொல்ல வேண்டும். டாக்டரை அந்த ஆஸ்பத்திரியோடு போனில் பேசவைத்து, எதிர்முனையில் இருப்பவரை இடதா வலதா என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பெயர், நேரம் இரண்டையும் குறித்துவையுங்கள்.

4. ஏ.ஐ. பயம் வேண்டாம். ரேடியாலஜிஸ்ட்களுக்குப் பயிற்சி கொடுப்பதையே நிறுத்திவிட வேண்டும் என்று 2016-ல் ஏ.ஐ. விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்டன் சொன்னார். இன்றும் ஆள் பற்றாக்குறைதான். ஏ.ஐ. டூல்களை ஓட்டக் கற்றவருக்கே முதல் சான்ஸ்.

கடைசியாக, சேரும் முன் ஒன்றை விசாரியுங்கள்: ரிப்போர்ட்டில் யார் கையெழுத்து? டாக்டரின் லாகினில் நுழைந்து ‘நார்மல்’ கேஸ்களை நீங்களே முடிக்கச் சொன்னால், சம்பளம் எவ்வளவு என்றாலும் அந்த வேலையில் சேராதீர்கள்.