டார்க் கன்வெர்ட்டர் மாற்றும் முன் ஏற்காடு மலையை நினையுங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு தாண்டினால் ஏற்காடு அடிவாரம் வந்துவிடும். அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான சேலத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் வரை ஏற வேண்டும். ஊருக்குள் நெரிசல், வெளியே நாற்கரச் சாலை, பக்கத்திலேயே மலை என மூன்றையும் ஒரே வண்டி சமாளிக்க வேண்டிய ஊர் இது. என்ஜின் கம்ப்யூட்டரை ரீமேப் செய்த ஆட்டோமேட்டிக் காரை இங்கே ஓட்டும் அனுபவத்தில், கன்வெர்ட்டர் மாற்ற நினைப்பவர்களுக்கு நான் சொல்பவை இவை.

1. முதலில் கியர்பாக்ஸைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோமேட்டிக் என்றாலே கன்வெர்ட்டர் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஃபோக்ஸ்வேகன் விர்டஸ், ஸ்கோடா ஸ்லாவியா கார்களில் 1.0 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக்கில்தான் டார்க் கன்வெர்ட்டர். 1.5 டிஎஸ்ஐயில் இருப்பது இரட்டை கிளட்ச் டிஎஸ்ஜி. ஏஎம்டி வண்டிகளில் சாதாரண கிளட்ச்தான். காலுக்குப் பதில் இயந்திரம் அதை மிதிக்கிறது.

2. ஸ்டால் ஸ்பீடு நிலையான எண் இல்லை

வண்டி நகராதபடி பிரேக்கை அழுத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் என்ஜின் எந்த ஆர்பிஎம்மில் போய் நிற்கிறதோ அதுதான் ஸ்டால் ஸ்பீடு. என்ஜின் டார்க் கூடினால் அதே கன்வெர்ட்டரின் ஸ்டாலும் ஏறும். ஆகவே விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். என்ஜினின் டார்க் வரைபடம், வண்டியின் எடை, ஃபைனல் டிரைவ் விகிதம், டயர் அளவு ஆகிய நான்கையும் கேட்டுவிட்டுப் பரிந்துரைக்கும் கடையே நல்ல கடை.

3. இழுவை எங்கே தொடங்குகிறது?

1.0 டிஎஸ்ஐ என்ஜின் 1,750 ஆர்பிஎம்மிலேயே 178 நியூட்டன் மீட்டர் டார்க்கை முழுதாகத் தந்துவிடுகிறது. அதற்கு 3,000 ஆர்பிஎம் ஸ்டால் எதற்கு? டீசல் டர்போவும் அப்படித்தான். பெரிய டர்போ, ரேஸ் கேம் என்று இழுவை தாமதமாக வரும் என்ஜினுக்குத்தான் உயர் ஸ்டால் தேவை.

மலையில் இது இன்னும் முக்கியம். கொண்டை ஊசியில் வேகம் குறைத்து மறுபடி மிதிக்கும்போது, லூஸான, அதாவது ஸ்டால் உயர்ந்த கன்வெர்ட்டரில் என்ஜின் சத்தம் முதலில் வரும், வண்டி பிறகுதான் வரும். இறங்கும்போது என்ஜின் பிரேக்கிங்கும் குறைந்து, கூடுதல் சுமை பிரேக் பேடுகள் மேல் விழுகிறது. ஏற்காட்டிலிருந்து குடும்பத்தோடு இறங்கும் வண்டிக்கு அது ஆபத்து.

4. லாக்-அப் கட்டாயம் வேண்டும்

லாக்-அப் என்பது கன்வெர்ட்டர் வழுக்காமல் என்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் கிளட்ச். ஓமலூர் பக்கம் நாற்கரச் சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது லேசாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் தாவினாலோ வண்டி அதிர்ந்தாலோ, ரீமேப்பின் டார்க்கை லாக்-அப் கிளட்ச் தாங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போது ஸ்டாலைக் கூட்டாமல், ஒரிஜினல் ஸ்டாலோடு வலுவான லாக்-அப் லைனிங் போட்ட கன்வெர்ட்டரைத் தேடுங்கள். நம் பக்கத்து ரீமேப் கார்கள் பலவற்றுக்கு அதுவே போதும்.

5. சூட்டைக் கவனியுங்கள்

கன்வெர்ட்டர் வழுக்கும்போது வீணாகும் சக்தி முழுவதும் ஆயிலில் சூடாக மாறுகிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் மலை ஏறினால் கேட்கவே வேண்டாம். ஓபிடி ஸ்கேனரில் கியர்பாக்ஸ் ஆயில் வெப்பத்தைப் பாருங்கள். 100 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 120ஐத் தாண்டினால் ஆயில் வேகமாகக் கெடும். ஆயில் கருத்துக் கருகல் வாடை அடித்தால், உள்ளே பிளேட்டுகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் புது கன்வெர்ட்டர் மாட்டாதீர்கள்.

6. மாட்டும்போது கூடவே நில்லுங்கள்

கூலரையும் அதன் குழாய்களையும் கழுவச் சொல்லுங்கள். பழைய இரும்புத்தூள் புதியதையும் கெடுக்கும். கன்வெர்ட்டர் ஆயில் பம்பில் முழுதாக உட்கார்ந்த பிறகே கியர்பாக்ஸை என்ஜினோடு சேர்க்க வேண்டும். உட்காராமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் டியூனிங் தேவைப்படலாம். அதைச் செய்பவர் யார் என்பதை முன்பே பேசி முடித்துவிடுங்கள். வாரண்டி கைவிட்டுப் போகலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

கையில் இருக்கும் பணத்தை இந்த வரிசையில் செலவிடுங்கள்: முதலில் சரியான ஆயிலும் கூலரும், அடுத்து கியர்பாக்ஸ் டியூனிங், கடைசியில் கன்வெர்ட்டர். முதல் இரண்டிலேயே குறை தீர்ந்துவிட்டால் மூன்றாவதற்கு வைத்த பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள்.