தகடு மூடிய ராத்திரி

ஊட்டி ஜனவரியைப் பற்றி கோயம்புத்தூர்க்காரர்களிடம் யோசனை கேட்காதீர்கள். என் கொழுந்தன் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டு மணியைப் பறிகொடுக்கப் பார்த்தேன்.

மணி 11 வயது நாட்டு நாய், பின்னங்காலில் மூட்டு வலி. சுந்தரி, தானாக வந்து சேர்ந்த பூனை. காந்தல் பக்கம் வெள்ளைக்காரன் காலத்து வாடகை வீடு. விடிந்தால் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினதுபோல் உறைபனி. வாசல் வாளியில் பனிக்கட்டி ஏடு கட்டியிருக்கும்.

கணப்பில் நெருப்பு மூட்டுவதில் வித்தை ஒன்றுமில்லை. சுள்ளி, பழைய பேப்பர், மேலே காய்ந்த சீகை விறகு. யூகலிப்டஸ் போட்டால் பொறி தெறிக்கும், முன்னால் கம்பி வலை வையுங்கள். சுந்தரிக்கு ஒரு பக்க மீசை கருகிப்போனது அப்படித்தான்.

நான் செய்த தப்பு வேறு. "அண்ணி, மேல தகடு தொறந்திருந்தா சூடு பூரா வானத்துக்குத்தான் போகும்" என்று போனில் சொன்னார் கொழுந்தன். புகைபோக்கிக்குள் இருக்கும் இரும்புத் தகட்டைத்தான் சொன்னார். சரியாகத்தானே சொல்கிறார் என்று தோன்றியது. ராத்திரி 10 மணிக்குச் சுவாலை அடங்கி, வெறும் தணல் சிவப்பாகக் கிடந்தது. புகையே இல்லை. தகட்டை இழுத்து மூடினேன். ஜன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்தேன். அறை கதகதவென்று ஆனதில் எனக்கு ஒரே பெருமை. சுந்தரி மட்டும் கதவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தாள். திட்டி வெளியே விட்டுவிட்டு, சாக்கை மறுபடி திணித்தேன். அவளுக்கு என்ன தெரிந்ததோ, புழுக்கமாகவும் இருந்திருக்கலாம்.

2 மணிக்கு மண்டை பிளக்கிற வலியோடு விழித்தேன். மணி கணப்புக் கல்லில் தலையை வைத்தபடி வாந்தி எடுத்திருந்தான். கூப்பிட்டால் காது மட்டும் அசைந்தது. எழ முயன்று முன்னங்காலும் மடங்கி விழுந்தான். மூட்டு வலிக்கு முன்னங்கால் ஏன் மடங்க வேண்டும்? போர்வையோடு திண்ணைக்கு இழுத்துப் போனேன். அந்தக் குளிரில் கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகுதான் அவன் தலையைத் தூக்கினான். எனக்கும் தலைவலி இறங்கியது. அப்போதுதான் மூடிய தகடு ஞாபகம் வந்தது.

புகை வந்தால் இருமி எழுந்துவிடுவோம். தணல் விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். முன்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனதும் இதற்காகத்தான். சின்ன உயிர் முதலில் சரியும். விடிந்ததும் மணியை டாக்டரிடம் தூக்கிப் போனேன். அதன்பின்னும் இரண்டு நாள் தள்ளாடித்தான் நடந்தான்.

இப்போதெல்லாம் காலையில் சாம்பலைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால்தான் தகட்டை மூடுவேன். ஜன்னல் ராத்திரி முழுக்க இரண்டு விரற்கடை திறந்திருக்கும். மணிக்குத் தரையில் படாமல் பலகைமேல் சாக்கு, அதன்மேல் கம்பளி, துண்டில் சுற்றிய வெந்நீர்ப் பை. கட்டிலருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கிறேன். உங்கள் வீட்டு ஓனரும் புகைபோக்கியைச் சுத்தம் செய்யக் காசு தரமாட்டார், நீங்களே செய்துவிடுங்கள். எனக்கு இரண்டு கூடைக் கரியோடு ஒரு பறவைக்கூடும் கிடைத்தது.

கொழுந்தன் இன்னமும் "நாய் வெளியில எதையாவது தின்னிருக்கும் அண்ணி" என்கிறார். பொங்கலுக்கு வருகிறாராம். ஜன்னலோரக் கட்டிலை அவருக்கு ஒதுக்கியிருக்கிறேன்.