ஒரே பேஸ்டை மூன்று முறை வையுங்கள்

சர்வீஸ் மேசைக்கு வேலை கற்க வரும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுவார்கள்: "அண்ணா, எந்த தெர்மல் பேஸ்ட் நல்லது?" பதில் சொல்கிறேன், ஆனால் கடைசியில். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு.

1. பேஸ்டின் வேலை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். பிராசசரின் உலோக மூடியும் கூலரின் அடிப்பாகமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். உண்மையில் நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்தவை. பள்ளங்களில் காற்று தங்கிவிடும். வெப்பம் கடத்தும் திறன் செம்புக்குச் சுமார் 400 என்றால் காற்றுக்கு வெறும் 0.026. நடுத்தர பேஸ்டுகூடக் காற்றைவிட நூறு மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். செம்புக்குப் பக்கத்தில் அது எடுபடாது. எனவே காற்றை விரட்டும் அளவுக்கு பேஸ்ட் இருந்தால் போதும். அதற்கு மேல் போடுவது வெப்பத்தின் வழியை மறிக்கும்.

2. அட்டையில் போட்டிருக்கும் வெப்பம் கடத்தும் திறனின் எண்ணைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4க்கு 8.5 என்றும், தெர்மல் கிரிஸ்லி கிரையோநாட்டுக்கு 12.5 என்றும் சொல்வார்கள். ஒரு பேஸ்டுக்கு 5, இன்னொன்றுக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். 100 வாட் வெப்பம், 10 சதுர சென்டிமீட்டர் பரப்பு, 0.05 மில்லிமீட்டர் தடிமன். முதல் பேஸ்டின் குறுக்கே 1 டிகிரி ஏறும். இரண்டாவதில் அரை டிகிரி. விலை உயர்ந்த அந்த இரண்டாவதை இரு மடங்கு தடிமனாக விட்டுவிட்டால் அதுவும் 1 டிகிரிதான். நிஜத்தில் வெப்பம் சிப்புக்கு மேலேயே குவிவதால் வித்தியாசம் கொஞ்சம் கூடும். ஆனாலும் எண் இரட்டித்தால் சூடு பாதியாகும் என்று நம்பிவிடாதீர்கள்.

3. லேப்டாப்பைத் தனியாகப் பாருங்கள். அதில் உலோக மூடி கிடையாது. கூலர் நேராகச் சிப்பின் மேல் உட்காரும். 45 வாட் வெப்பம் 1.5 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால், அதே தடிமனுக்கு 3 டிகிரியும் ஒன்றரை டிகிரியும் என்று கணக்கு மாறும். இங்கே பேஸ்டின் தரம் பேசும். சிப்பு சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது இளக்கமான பேஸ்ட் மெல்ல மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்பட்டுவிடும். ஆகவே லேப்டாப்புக்குக் கெட்டியான பேஸ்டோ, ஹனிவெல் பிடிஎம்7950 போல சூட்டில் இளகும் தாளோ ஏற்றது. முதல் நாள் அளவை மட்டும் நம்பாமல், மூன்று மாதம் கழித்தும் அளந்து பாருங்கள்.

4. அறையின் சூட்டையும் எழுதிவையுங்கள். மே மாத மதியத்தில் ஒன்றையும் ஏசி அறையில் இன்னொன்றையும் சோதித்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பிராசசர் சூட்டிலிருந்து அறைச் சூட்டைக் கழித்து வரும் எண்ணையே ஒப்பிடுங்கள். ஃபேன் வேகத்தை ஒரே அளவில் நிறுத்துங்கள். ஒரே சுமையை 20 நிமிடம் ஓட்டி, கடைசி ஐந்து நிமிடச் சராசரியை எடுங்கள். ரைசன் 7000 வரிசையில் பல பிராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்கும். அவற்றில் நல்ல பேஸ்டின் பலன் சூட்டில் தெரியாது. கிளாக் வேகத்தில் தெரியும்.

5. ஒரே பேஸ்டை மூன்று முறை வைத்து அளந்து பாருங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லூரி மாணவரின் டெஸ்க்டாப்பில் விலை உயர்ந்த பேஸ்ட் போட்டேன். 6 டிகிரி இறங்கியது. பார்த்தவர்களிடமெல்லாம் அந்த பேஸ்டைப் புகழ்ந்தேன். பிறகு சந்தேகம் வந்து, அதைத் துடைத்துவிட்டுச் சாதாரண வெள்ளை பேஸ்டை வைத்தேன். அதிலும் 5 டிகிரி இறங்கியிருந்தது. காய்ந்துபோன பழைய பேஸ்டை எடுத்ததும், தளர்ந்திருந்த ஸ்குருவை இறுக்கியதும் தந்த பலன் அது. கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் அளவு ஓரிரு டிகிரி மாறும். அந்த மாற்றத்தைவிடப் பெரிய வித்தியாசம் கிடைத்தால் மட்டுமே ஒரு பேஸ்டை மற்றொன்றைவிட மேல் என்று சொல்லுங்கள்.

6. கழற்றும்போது பொறுமை வேண்டும். ஏஎம்4 பிராசசர்களுக்குப் பின்கள் அடியில் இருக்கும். இறுகிய பேஸ்டோடு கூலரை நேராக இழுத்தால், சாக்கெட் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் சேர்ந்து வந்து பின்கள் வளையும். கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுங்கள். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் நூல் உதிராத துணியும் கொண்டு சுத்தமாகத் துடையுங்கள்.

7. மாட்டும்போது ஸ்குருக்களை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க முறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டோமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

8. பேஸ்டுக்குப் பதிலாக வைக்கும் லிக்விட் மெட்டலை இப்போது தொடாதீர்கள். அதிலிருக்கும் காலியம் அலுமினியத்தை அரித்துவிடும். அது மின்சாரமும் கடத்தும். ஒரு துளி சிதறினால் போர்டே போய்விடும். 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5இல் அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். கசியாமல் அடைப்பு வைத்தே பயன்படுத்தினார்கள்.

9. முதலில் தூசியைத் தட்டுங்கள். சூடு என்று வரும் மெஷினில் கூலரின் தகடுகளுக்கிடையே தூசி அடைத்திருந்தால், அதை எடுத்துவிட்டு அளந்து பாருங்கள். அதிலேயே சரியாகிவிட்டால் வாடிக்கையாளரிடம் அதை மட்டும் சொல்லி, அதற்கு மட்டும் காசு வாங்குங்கள்.

10. இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டெஸ்க்டாப்புக்கு மின்சாரம் கடத்தாத, நடுத்தர விலையுள்ள, பெயர் பெற்ற பேஸ்ட் ஒன்றை வாங்குங்கள். ஒரு வருடம் அதையே போடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் தேதி, அறைச் சூடு, முன் அளவு, பின் அளவு என நோட்டில் எழுதுங்கள். ஒரே வேலையைத் திரும்பச் செய்தால் எண்ணும் திரும்ப ஏறக்குறைய அதேதான் வருகிறது என்றால், உங்கள் கை பழகிவிட்டது. அன்றைக்கு இரண்டாவது பேஸ்டை வாங்குங்கள். எது நல்லது என்று நீங்களே எனக்குச் சொல்வீர்கள், நான் நம்புவேன்.