தோட்டத்து வீட்டுக்குச் சூரிய மின்சாரம்: ஒரே பெட்டி இன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஊரை விட்டுத் தள்ளித் தோட்டத்திலேயே குடியிருக்கும் விவசாயக் குடும்பங்களில் சிலவற்றுக்கு மின்கம்பி இன்னும் எட்டவில்லை. இவர்கள் விளக்குக்கும் விசிறிக்கும் சூரிய மின்சாரத்தை நாடுவது இயல்பே. இதற்கெனத் தேவையான கருவிகள் அனைத்தும் ஒரே பெட்டியில் அடங்கிய இன்வெர்ட்டர்கள் கடைகளில் கிடைக்கின்றன. பேனல், பேட்டரி, பெட்டி ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு ஒரு நல்ல கறவை மாட்டின் விலையை மிஞ்சிவிடும். எனவே, விலையை மட்டும் பார்த்து வாங்காமல், கணக்குப் போட்டுப் பார்த்து வாங்குவதே நல்லது.

பெட்டிக்குள் இருப்பவை

இந்தப் பெட்டியில் மூன்று கருவிகள் உள்ளன. பேனலிலிருந்து வரும் மின்சாரத்தை அளவாகப் பேட்டரிக்கு ஏற்றுவது ஒன்று. பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட் வீட்டு மின்சாரமாக மாற்றுவது மற்றொன்று. ஜெனரேட்டர் ஓடும்போதோ, பின்னாளில் மின்வாரிய இணைப்பு கிடைக்கும்போதோ அதிலிருந்து பேட்டரியை ஏற்றுவது மூன்றாவது. தனித்தனியாக வாங்கினால் ஒன்றுக்கொன்று பொருந்துமா என்று பார்க்க வேண்டும். வயர் வேலையும் கூடும். ஒரே பெட்டியில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால், உள்ளே ஒரு பாகம் பழுதானாலும் முழுப் பெட்டியையும் கழற்றி அனுப்ப நேரிடும். அதுவரை வீடு இருட்டுதான். ஆகவே, பழுது பார்க்கும் இடம் அருகில் உள்ள தயாரிப்பையே வாங்க வேண்டும்.

அன்றாடத் தேவை

ஒரு தோட்டத்து வீட்டை உதாரணமாகக் கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. பல்புகள் 6, நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 270 வாட்-மணி. 30 வாட் சிக்கன விசிறிகள் 3, பத்து மணி நேரத்துக்கு 900. 60 வாட் தொலைக்காட்சி 4 மணி நேரத்துக்கு 240. சிறிய குளிர்பதனப் பெட்டிக்கு ஏறக்குறைய 1,000. 750 வாட் மிக்சி 20 நிமிடத்துக்கு 250. வீட்டுத் தொட்டிக்கு நீரேற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டார் 600 வாட் இழுப்பதாக வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 600. கூட்டினால் 3,260 வாட்-மணி, அதாவது மூன்றேகால் யூனிட்.

பலரும் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். பெட்டியும் தன் பங்குக்கு மின்சாரம் தின்னும் என்பதை மறந்துவிடக்கூடாது. எதுவும் ஓடாதபோதும் 50 வாட் இழுக்கும் பெட்டி, ஒரு நாளில் 1.2 யூனிட்டை விழுங்கிவிடும். இதையும் சேர்த்தால் தேவை ஏறக்குறைய நாலரை யூனிட் ஆகிறது. அதனால் சுமையில்லாதபோது எத்தனை வாட் இழுக்கும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்டு, விவரச் சீட்டிலும் பார்க்க வேண்டும்.

பெட்டியின் திறன்

மேற்கூறிய அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடினால் சுமார் 1,700 வாட் வேண்டும். ஆனால், மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓட்டச் சுமையைப் போல் ஐந்து மடங்கு வரை இழுக்கும். 600 வாட் மோட்டாருக்கு அந்தக் கணத்தில் 3,000 வரை தேவைப்படலாம். எனவே, 3 கிலோவாட் தொடர் திறனும், சில விநாடிகளுக்கு அதன் இருமடங்கைத் தாங்கும் சக்தியும் உள்ள பெட்டி இவ்வீட்டுக்குப் போதும். 3 கே.வி.ஏ. என்று எழுதியிருப்பதை 3 கிலோவாட் என்று எண்ணிவிடக் கூடாது. சில பெட்டிகளில் 3 கே.வி.ஏ. என்பது 2.4 கிலோவாட் மட்டுமே. வாட் கணக்கையே பார்க்க வேண்டும். மின்னலை சீரான சைன் அலையாகவும் இருக்க வேண்டும். இல்லாவிடில் மோட்டாரும் குளிர்பதனப் பெட்டியும் சூடேறி இரைச்சலிடும்.

ஐந்து, ஏழரைக் குதிரைத்திறன் பாசன மோட்டார்களை இதில் ஓட்ட முயலக் கூடாது. அவற்றுக்கெனச் சூரிய பம்பு செட்டுகள் தனியாக உள்ளன. 2019இல் தொடங்கப்பட்ட பி.எம். குசும் திட்டம் இவற்றுக்கு மானியம் அளிப்பதற்கென வகுக்கப்பட்டதாகும். இது பற்றி வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

பேனல் பொருத்தம்

ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் சுமார் 4 யூனிட் தரும். வெப்பம், தூசு, பேட்டரி இழப்பு போக மூன்றரை என்று கொள்வது நலம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதுவும் வெகுவாகக் குறையும். ஆகவே, நாலரை யூனிட் தேவைக்கு 2 கிலோவாட்டுக்குக் குறையாமல் பேனல் போட வேண்டும். 540 வாட் பேனல்கள் 4 போதுமானவை. இவற்றை நிழல் விழாத இடத்தில் தெற்கு நோக்கிச் சாய்த்து அமைக்க வேண்டும்.

பெட்டி கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். சுமையில்லாதபோது இத்தகைய பேனல் ஒன்றின் வோல்டேஜ் ஏறக்குறைய 49.5. தொடராக இணைத்தால் வோல்டேஜ் கூடும். ஒரு பெட்டியின் உச்ச வரம்பு 145 வோல்ட் என்று கொள்வோம். மூன்று பேனல்களைத் தொடராக இணைத்தால் 148.5 வோல்ட், பெட்டி பழுதாகும். அங்கே இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அந்த இரு சோடிகளையும் பக்க இணைப்பாகச் சேர்க்க வேண்டும். 120 வோல்ட் முதல் 450 வோல்ட் வரை வேலை செய்யும் வேறொரு பெட்டியில் இரண்டு மட்டும் தொடரில் இருந்தால் 83 வோல்ட்தான் வரும். பெட்டி பேனலிலிருந்து ஏற்றாது. அங்கே நான்கையும் தொடராக இணைக்க வேண்டும். குளிரில் வோல்டேஜ் உயரும் என்பதால் நீலகிரி, கொடைக்கானல் போன்ற இடங்களில் வரம்புக்குக் கீழே பத்து சதவீதத்துக்கு மேல் இடைவெளி விடுவது அவசியம்.

பேட்டரி

3,000 வாட் சுமையை 24 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 125 ஆம்பியர் ஓடும். 48 வோல்ட்டில் அது 62.5 ஆம்பியர்தான். கம்பியில் சூடும் இழப்பும் குறையும். ஆகவே 3 கிலோவாட்டுக்கு 48 வோல்ட் பெட்டியே சிறந்தது. ஒரு பெட்டியின் பேட்டரி வோல்டேஜைப் பின்னால் மாற்ற இயலாது என்பதால் இதை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

இவ்வீட்டின் இரவுத் தேவை சுமார் 2.7 யூனிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரிகள் நான்கில் 7.2 யூனிட் தங்கும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் ஆயுள் குறையும். ஆகவே பயன்படக்கூடியது 3.6 யூனிட். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் எண்பது சதவீதம் வரை எடுக்கலாம் என்பதால், 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி கொண்ட ஒன்றே 4 யூனிட் தரும். விலை கூடுதலானாலும் தண்ணீர் ஊற்றும் வேலையில்லை. எதுவானாலும் பெட்டியில் அந்த இனத்துக்குரிய அமைப்பை வைக்க வேண்டும். ஈய பேட்டரிக்கு உரிய சமன்படுத்தும் ஏற்றத்தை லித்தியத்துக்குக் கொடுக்கக் கூடாது. 150 ஆம்பியர்-மணி டியூபுலருக்கு ஏற்றும் அளவை 15 முதல் 20 ஆம்பியருக்குள் நிறுத்துவது நல்லது.

பாதுகாப்பு

முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனலை முதலில் துண்டிக்க வேண்டும். பேட்டரி அருகில் பியூஸும், பேனல் வழியில் நேர்மின்சாரத்துக்கென உள்ள பிரேக்கரும், இடி தாங்கும் பாதுகாப்பும், நல்ல எர்த்தும் அவசியம். பெட்டியைக் காற்றோட்டமான சுவரில் மாட்ட வேண்டும். எரு மூட்டையும் தீவனமும் கிடக்கும் அறையில் தூசும் எறும்பும் பல்லியும் புகுந்து கெடுக்கும். ஈய பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படும் என்பதால் அருகில் அடுப்போ பீடியோ கூடாது.

பின்னாளில் மின்வாரிய இணைப்பு வந்தால் அதைப் பெட்டியின் உள்வாய் வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும். வெளிவாயை மின்வாரியக் கம்பியோடு சேர்த்தால், மின்சாரம் நின்றதாக நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து.

வாங்குமுன் விவரச் சீட்டில் பார்க்க வேண்டியவை: வாட் திறன், பேனல் வோல்டேஜ் வரம்பு, பேட்டரி வோல்டேஜ், சுமையில்லாச் செலவு, உத்தரவாத ஆண்டுகள். உத்தரவாதத்தை எழுத்தில் பெற வேண்டும். பெட்டி பழுதாகும் நாளுக்கென ஒரு சூரிய கைவிளக்கையும் வீட்டில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.