உபரி அரசு நிலம்: விற்பதா, குத்தகைக்கு விடுவதா, வைத்துக்கொள்வதா?

மூடிய ஆலை, இடம் மாறிய சிறைச்சாலை, இடிந்து நிற்கும் அரசுக் குடியிருப்பு என நகரின் நடுவே அரசு நிலம் சும்மா கிடந்தால், ஏலம் விடலாம் என்ற யோசனைதான் முதலில் வரும். என்னைக் கேட்டால் அது கடைசியாக வரவேண்டிய யோசனை. ஏலத்தில் வந்த பணம் ஓரிரு ஆண்டுகளில் செலவாகிவிடும். அதே இடத்தில் அதே பரப்பை அரசு மறுபடி வாங்குவது நடக்காத காரியம்.

எனவே, இன்னொரு பொதுத் தேவைக்கு அந்த இடம் உதவுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னை மத்திய சிறை 2006இல் புழலுக்கு மாறியபின், காலியான நிலத்தில் மருத்துவக் கல்லூரிக்குப் புதிய கட்டடம் எழுந்தது. நெரிசல் மிகுந்த அந்தப் பகுதியில் கல்லூரிக்கு அருகிலேயே வேறு இடம் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. கலிபோர்னியாவில் உள்ளாட்சிகள் உபரி நிலத்தை விற்குமுன், குறைந்த வாடகை வீடு கட்டுவோருக்கு முதல் வாய்ப்புத் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

அப்படி யாருக்கும் தேவையில்லை, தனியாரிடம்தான் தரவேண்டும் என்றால் குத்தகையே மேல். சிங்கப்பூர் 1967 முதல் அரசு மனைகளை டெண்டர் விட்டுத் தருகிறது. பேச்சுவழக்கில் விற்பனை என்றாலும், பெரும்பாலும் அது 99 ஆண்டுக் குத்தகைதான். என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதெல்லாம் டெண்டரிலேயே எழுதப்பட்டிருக்கும். சில முக்கிய மனைகளுக்கு இரண்டு உறைகள் கேட்பார்கள். திட்டம் உள்ள உறையை முதலில் பிரிப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிறகு பிரிப்பார்கள். பணம் கூடுதலாகக் கொட்டுபவர் மட்டமான திட்டத்தோடு உள்ளே நுழைய முடியாது.

ஆனால் குத்தகை என்ற பெயர் மட்டும் போதாது. கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் சுமார் 160 ஏக்கர் அரசு நிலம் 1940களில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய் 13 அணா! வாடகையை உயர்த்துவது பற்றிய தகராறு பல பத்தாண்டுகள் நீண்டு, 2024இல் அரசு குத்தகையை ரத்துசெய்தது. குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை வாடகை உயரும் என்ற ஷரத்து இல்லாத பத்திரத்தில் கையெழுத்திடவே கூடாது.

விற்பதன் பாடம் மும்பையில் இருக்கிறது. அங்கே ஆலை நிலத்துக்கு 1991இல் வந்த விதி, மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மீதி உரிமையாளருக்கு என்றது. 2001இல் செய்த திருத்தம், அந்தப் பங்கீட்டைக் கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. ஆலை வளாகத்தில் காலி இடம் எவ்வளவு இருக்கும்? பூங்காவுக்கும் வீடுகளுக்கும் துண்டு துக்காணிதான் மிஞ்சியது. 2005இல் மத்திய அரசு நிறுவனமான தேசிய ஜவுளிக் கழகம் தன் மும்பை ஆலைகள் சிலவற்றின் நிலத்தை ஏலம் விட்டது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

பக்கத்து மனைக்காரரைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத சிறு துண்டுகளை விற்கலாம், தவறில்லை. அதற்கும் முன்னால் தாலுகா அலுவலகத்தில், நிலம் எந்த வகை என்று காட்டும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு என்று இருந்தால், வறண்டு கிடந்தாலும் அது உபரி நிலம் அல்ல. பட்டியலிலிருந்தே நீக்கச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள்.