மூலை அலுமாரிக்குச் சாமான் வாங்கும் முன்

ஹார்ட்வெயார் வியாபாரத்தில் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துக் கொடுத்து, பில்லைப் போட்டு அனுப்பிவிடுவோம். அது அவரது வீட்டுக்குப் பொருந்துமா என்று விசாரிப்பதில்லை. இப்பழக்கத்தால் நான் பட்ட நட்டத்தையே இவ்வாரம் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்தா கடைக்கு வந்தார். புதிய குசினியில் பென்ட்ரி அலுமாரிகள் 'எல்' வடிவில் சந்திக்கும் மூலைக்கு, கதவைத் திறந்ததும் தட்டு வெளியே சுழன்று வரும் செட் ஒன்று வேண்டும் என்றார். "கதவு எத்தனை அங்குலம்?" என்று கேட்டேன். "பதினெட்டு" என்றார். கொடுத்துவிட்டேன்.

நான் கேட்டிருக்க வேண்டியது கதவின் அளவை அல்ல, திறப்பின் அளவை. கொங்கிரீட் சிலாப்பின் கீழ் மரச்சட்டம் அடித்துச் செய்யும் பென்ட்ரியில் கதவு சட்டத்தின் மேல் படிந்திருக்கும். 18 அங்குலக் கதவுக்குப் பின்னால் அவரது வீட்டில் இருந்த திறப்பு 15 அங்குலம். செட்டுக்கு 16க்கு மேல் தேவை. பாஸ் என்ன செய்தார்? சட்டத்தைச் செதுக்கிவிட்டு, செட்டின் தூணைப் பக்கத்துச் சிப்போர்ட் பலகையில் ஸ்க்ரூ அடித்து நிறுத்தினார். ஈரம் பட்ட சிப்போர்ட் ஊதிவிடும், ஸ்க்ரூவைப் பிடித்து வைத்திருக்காது. சில மாதங்களில் தட்டு சட்டிகளோடு சரிந்து விழுந்தது. பேரப்பிள்ளை அப்போதுதான் அவ்விடத்தை விட்டு எழும்பிப் போயிருந்ததாம்.

நான் போய்ப் பார்த்தேன். ராத்தா கோபப்படவில்லை. "நானா, விழுந்தது போகட்டும். இதுல என்ட சஹன் ஒன்டும் வைக்கேலாது" என்றார். அவர் அந்த மூலையில் வைக்க நினைத்திருந்தது சஹன்களும் பெரிய தாச்சிகளும்தான். அதையும் நான் கேட்கவில்லை.

மூலைக்கு வரும் சாமான்கள் பல வகை. வட்டமாகச் சுழலும் தட்டு மலிவு; மாத்தூள், சரக்குப் போத்தல்களுக்கு நல்லது. ஆனால் 24 அங்குலச் சதுர மூலையில் 24 அங்குல வட்டத்தைப் போட்டாலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இடம் வீண். அவரைவிதை வடிவில் முழுத்தட்டும் வெளியே வருவது நாளாந்தம் எடுக்கும் சட்டிகளுக்கு ஏற்றது. முன்கூடையை இழுத்தால் பின்கூடை தானாக வாசலுக்கு நகரும் வகை பார்க்க அழகு, விலையும் அதிகம், அசையும் பாகங்களும் அதிகம். இவ்விரண்டிலும் இடப்பக்க மூலைக்கு வேறு, வலப்பக்க மூலைக்கு வேறு இருக்கின்றன. பெட்டியைப் பிரித்த பிறகு மாற்றித் தரச் சொன்னால் கடைக்காரர் முகம் மாறுவது இதனால்தான். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் மலிவான குரோம் கூடை சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மாதத்தில் ஒரு தடவை எடுக்கும் பெரிய பாத்திரத்துக்கு இவை எதுவுமே தேவையில்லை என்பது எனது அபிப்பிராயம். உறுதியான வெறுந்தட்டு போதும். மூலையின் பின்புறம் சாப்பாட்டறையோ விறாந்தையோ இருந்தால் அப்பக்கமாக ஒரு கதவு வைக்கலாம். கையை நீட்டித் துழாவும் வேலையே இல்லை. செலவும் குறைவு. இப்படிச் சொல்வதால் எனக்கு ஒரு விற்பனை இல்லாமல் போகும், உண்மைதான்.

இடம் சும்மா கிடக்கிறதே என்று சிலர் மூலைக்குள் காஸ் சிலிண்டரைத் தள்ளிவிடுகிறார்கள். அது வேண்டவே வேண்டாம். சமையல் காஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மூடிய மூலையின் அடியில் தேங்கி நிற்கும். 2021 கடைசியில் நம் நாட்டு வீடுகளில் அடுத்தடுத்து நடந்த காஸ் வெடிப்புகளை யாரும் மறந்திருக்க முடியாது.

ராத்தாவின் செட்டைத் திருப்பி எடுத்துப் பணத்தைக் கொடுத்தேன். சட்டத்தைத் திருத்திய பாஸ் கூலியில் பாதியும் என்னுடையது. அவரது மூலையில் இப்போது இரண்டு வெறுந்தட்டுகள். கீழே தாச்சிகள், மேலே சஹன்கள்.

இப்போதெல்லாம் திறப்பின் அளவு, உள்ளாழம், எந்தப் பக்க மூலை, உள்ளே வைக்கப் போவது என்ன என்று தெரியாமல் வருபவருக்கு நான் செட் கொடுப்பதில்லை. அளவு டேப் ஒன்றை இரவலாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புகிறேன். இரண்டு டேப் இன்னும் திரும்பி வரவில்லை.